தெரிந்த சொல்லே தடுமாற வைக்கும்: விமானப் பயணத்திற்கும் வணிகத்திற்கும் வேண்டிய ஆங்கிலம்

தொழில் செய்வோருக்கு விமானப் பயணம் இப்போது ஆடம்பரம் அன்று. வேலையின் ஒரு பகுதி. கரூரிலிருந்து வீட்டு உபயோகத் துணிகளை அனுப்புபவரும், கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிப்பவரும், மும்பையிலோ பெங்களூருவிலோ கடை வைத்திருக்கும் தமிழரும் டெல்லிக்கோ துபாய்க்கோ பறக்க வேண்டிய தேவை வந்துவிட்டது. டெல்லி பிரகதி மைதானத்தில் ஆண்டுதோறும் நவம்பர் 14 முதல் 27 வரை நடைபெறும் இந்தியப் பன்னாட்டு வணிகக் கண்காட்சியில் சிறுதொழில் முனைவோரின் அரங்குகளையும் காணலாம்.

இவர்களுக்கு ஆங்கிலம் அறவே தெரியாது என்பதில்லை. கடினமான சொல் ஒன்று எதிர்ப்பட்டால் நாம் நின்று யோசிக்கிறோம்; அகராதியைப் புரட்டுகிறோம்; அருகில் இருப்பவரைக் கேட்கிறோம். ஆகவே கடினமான சொற்களால் பெரும்பாலும் இழப்பு நேர்வதில்லை. 'டைரக்ட்', 'கிரெடிட்', 'டவுட்', 'வாலண்டியர்' போன்ற எளிய சொற்களை நாம் கேட்பதுமில்லை, சரிபார்ப்பதுமில்லை. பொருள் தெரியும் என்று நம்பிக் கடந்துவிடுகிறோம். பணமும் நேரமும் அங்கேதான் போகின்றன. தெரிந்தவை போலத் தோன்றும் அத்தகைய சொற்களைப் பயணத்தின் வரிசையிலேயே இப்பாடத்தில் பார்ப்போம்.

1. பயணச்சீட்டில் உள்ள சொற்கள்

'டைரக்ட் ஃப்ளைட்' என்றால் இடையில் எங்கும் நிற்காத விமானம் என்று பலர் கருதுகின்றனர். அப்படியன்று. ஒரே விமான எண்ணில் செல்லும் சேவை என்பதே அதன் பொருள். வழியில் ஓர் ஊரில் இறங்கி, பயணிகளை ஏற்றிக்கொண்டு மீண்டும் புறப்படலாம். எங்கும் நிற்காமல் செல்வது 'நான்-ஸ்டாப் ஃப்ளைட்'. மாலைக் கூட்டத்திற்குக் காலையில் புறப்படுபவருக்கு இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாக இருக்கக்கூடும். சீட்டு வாங்குமுன், 'இஸ் திஸ் எ நான்-ஸ்டாப் ஃப்ளைட்?' என்று கேளுங்கள்.

இடையில் இறங்கி வேறு விமானம் ஏறுவது 'கனெக்டிங் ஃப்ளைட்'. அதற்காகக் காத்திருக்கும் இடைவேளை 'லேஓவர்'. இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பெட்டியைப் பற்றியது: 'வில் மை பேக்ஸ் பி செக்ட் த்ரூ?' என் பெட்டிகள் இறுதி ஊர் வரை தாமாகவே சென்றுவிடுமா என்பது இதன் பொருள். இரு பயணங்களையும் தனித்தனிச் சீட்டாக வாங்கியிருந்தால், இடை ஊரில் பெட்டியை நீங்களே எடுத்து மறுபடியும் ஒப்படைக்க வேண்டி வரலாம். வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, இந்தியாவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பொதுவாகப் பெட்டியை எடுத்துச் சுங்கச் சோதனையை முடிக்க வேண்டும். அதற்குரிய நேரத்தையும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

'நான்-ரிஃபண்டபிள்' என்ற சொல்லைக் கண்டதும், சீட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாயும் வராது என்று விட்டுவிடுபவர் பலர். திரும்பக் கிடைக்காதது அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமுமே. சட்டப்படி வசூலிக்கப்பட்ட வரிகளையும் விமான நிலையப் பயன்பாட்டுக் கட்டணங்களையும் பயணி பறக்காதபோது திருப்பித் தர வேண்டும் என்பது சிவில் விமானப் போக்குவரத்து தலைமை இயக்குநரகத்தின் விதி. சலுகைக் கட்டணச் சீட்டுக்கும் இது பொருந்தும். நேரத்திற்கு வராமல் விமானத்தைத் தவறவிட்டவரை 'நோ-ஷோ' என்பர். அவரும் இத்தொகையைக் கேட்கலாம். 'ப்ளீஸ் ரிஃபண்ட் தி ஸ்டாச்சுட்டரி டாக்ஸஸ்' என்று எழுதினால் போதும்.

ஊர்களின் மூன்றெழுத்துக் குறியீடுகளையும் அறிந்து வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் ஒட்டப்படும் சீட்டில் ஊரின் பெயர் இந்த எழுத்துகளாலேயே குறிக்கப்படுகிறது. சென்னைக்கு எம்.ஏ.ஏ.; மும்பைக்கு பி.ஓ.எம்.; இரண்டிலும் பழைய பெயர்களான மெட்ராசும் பம்பாயும் இன்னும் வாழ்கின்றன. கோயம்புத்தூருக்கு சி.ஜே.பி., திருச்சிக்கு டி.ஆர்.இசட்., மதுரைக்கு ஐ.எக்ஸ்.எம்., டெல்லிக்கு டி.இ.எல். பெட்டியை ஒப்படைத்தவுடன் சீட்டில் உள்ள மூன்று எழுத்துகளும் நீங்கள் செல்லும் ஊருக்குரியவைதாமா என்று ஒரு முறை பார்த்துவிட வேண்டும்.

2. நேரமும் தேதியும்

விமானச் சீட்டில் நேரம் 24 மணிக் கணக்கில் அச்சாகும். 'மார்ச் 15, 00:40' என்பது 15ஆம் தேதி பிறந்து நாற்பதாவது நிமிடம். அதாவது, 14ஆம் தேதி இரவே நிலையத்தில் இருக்க வேண்டும். 15ஆம் தேதி இரவு சென்றால் விமானம் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே போயிருக்கும். சீட்டு கைக்கு வந்தவுடன், வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நாளையும் நேரத்தையும் தமிழிலேயே தனியாக எழுதி வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

'டிபார்ச்சர் டைம்' என்பது விமானம் புறப்படும் நேரம். 'போர்டிங் டைம்' என்பது பயணிகளை ஏற்றத் தொடங்கும் நேரம். 'கேட் க்ளோசஸ்' என்பது வாயில் மூடப்படும் நேரம். மூன்றும் வெவ்வேறு. புறப்பாட்டிற்கு ஏறக்குறைய 20 முதல் 25 நிமிடங்களுக்கு முன்பே வாயில் மூடப்படுவது வழக்கம். உள்நாட்டுப் பயணத்தில் பெட்டி ஒப்படைக்கும் கவுன்ட்டரைப் பல நிறுவனங்கள் 60 நிமிடங்களுக்கு முன்பே மூடிவிடுகின்றன. சீட்டில் உள்ள மூன்று நேரங்களில் நாம் கணக்கில் கொள்ள வேண்டியது கடைசியாக உள்ள புறப்பாட்டு நேரம் அன்று.

சீட்டில் உள்ள நேரங்கள் அந்தந்த ஊரின் நேரங்களே. இதையே 'லோக்கல் டைம்' என்பர். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி பின்னே; சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னே. தேதியை எண்ணில் மட்டும் எழுதுவதும் ஆபத்து. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்கருக்கு மே 6. கடிதத்திலும் ஒப்பந்தத்திலும் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்.

3. பெயரும் எழுத்துக்கூட்டலும்

தமிழருக்கு மட்டும் உரிய ஒரு சிக்கல் இங்கே உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் என்ற வழக்கம் பரவலாக இல்லை. தந்தையின் பெயர் தலைப்பெழுத்தாக நிற்கிறது. ஆனால் கடவுச்சீட்டில் 'சர்நேம்' என்றும் 'கிவன் நேம்' என்றும் இரு கட்டங்கள் உள்ளன. முன்னது குடும்பப் பெயருக்கு; பின்னது நமக்கு இட்ட பெயருக்கு. நம்மவர் பலர் ஒரு கட்டத்தைக் காலியாகவே விட்டிருப்பர். 2022 நவம்பரில், ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள கடவுச்சீட்டுடன் சுற்றுலா விசா முதலியவற்றில் வருவோரை அனுமதிப்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தபோது, இந்தக் காலிக் கட்டம் பலருக்குக் கவலையாயிற்று. கடவுச்சீட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்கப்படும் என்று பின்னர் விளக்கம் வந்தது. புதிதாகக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்போரும் புதுப்பிப்போரும் இரு கட்டங்களையும் நிரப்புவது நலம். விமானச் சீட்டு, விசா, வங்கி அட்டை ஆகியவற்றிலும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.

முன்பதிவு எண்ணை 'பி.என்.ஆர்.' என்கிறோம். விமானச் சீட்டில் இது ஆறு எழுத்துகளும் எண்களும் கலந்து வரும். தொலைபேசியில் சொல்லும்போது பி, டி, வி ஆகியவை ஒன்றுபோலவே ஒலிக்கும். ஆகவே உலகெங்கும் விமானத் துறையினர் ஒவ்வோர் எழுத்திற்கும் ஒரு சொல் வைத்துள்ளனர்: ஏ - ஆல்ஃபா, பி - பிராவோ, சி - சார்லி, டி - டெல்டா, எம் - மைக், என் - நவம்பர், வி - விக்டர். இந்த ஏழை மட்டும் மனப்பாடம் செய்தாலும் பெரும்பாலான குழப்பம் தீரும். 'பி ஃபார் பிராவோ' என்று சொன்னால் எந்த நாட்டு ஊழியருக்கும் விளங்கும்.

4. அறிவிப்புகள்

பலகையில் 'டிலேய்ட்' என்று வந்தால் தாமதம், 'ரீஷெட்யூல்ட்' என்று வந்தால் புறப்படும் நேரமே மாற்றப்பட்டது, 'கேன்சல்ட்' ரத்து, 'டைவர்ட்டட்' வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டது. 'ஃபைனல் கால்' என்று கேட்டால் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு நடக்க வேண்டும்.

இருக்கைகளைவிட அதிகமாகச் சீட்டு விற்பதை 'ஓவர்புக்கிங்' என்பர். அப்போது ஊழியர், 'வுட் எனிஒன் லைக் டு வாலண்டியர்?' என்று கேட்பார். தொண்டு செய்ய அழைக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. தம் இருக்கையைத் தாமாக விட்டுக்கொடுக்க முன்வருபவர் உண்டா என்பதே கேள்வி. முன்வருபவருக்கு நிறுவனம் எதைத் தர இசைகிறதோ அதுவே கிடைக்கும். முன்வராத ஒருவரை, உறுதியான சீட்டும் வைத்துக்கொண்டு நேரத்திற்கும் வந்த பிறகு ஏற்ற மறுத்தால், அது 'டினைட் போர்டிங்'. அதற்கு இயக்குநரகத்தின் விதிப்படி இழப்பீடு உண்டு. மாற்று விமானம் ஒரு மணி நேரத்திற்குள் கிடைத்தால் இழப்பீடு இல்லை. 24 மணி நேரத்திற்குள் கிடைத்தால், ஒருவழி அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் கட்டணமும் சேர்ந்த தொகையின் இரு மடங்கு, ரூ.10,000 வரை. அதற்கும் மேல் தாமதமானால் நான்கு மடங்கு, ரூ.20,000 வரை. ஆகவே 'யெஸ்' என்று தலையசைக்குமுன், 'வாட் ஆர் யூ ஆஃபரிங்?' என்று கேட்டுவிடுங்கள். 'ஐ ஆம் நாட் வாலண்டியரிங்' என்று மறுப்பதும் தவறன்று.

5. வணிக மேசையில்

லட்சமும் கோடியும் நம் துணைக்கண்டத்தின் சொற்கள். வெளிநாட்டு வணிகருக்கு அவை விளங்கா. பத்து லட்சம் ஒரு 'மில்லியன்'. ஒரு கோடி பத்து 'மில்லியன்'. நூறு கோடி ஒரு 'பில்லியன்'. காற்புள்ளியும் மாறும். நாம் 12,50,000 என்று எழுதுவதை அவர் 1,250,000 என்று எழுதுவார். விலை பேசும்போது தொகையை எழுத்தாலும் எழுதிக் காட்டுவதே பாதுகாப்பு.

'எஸ்டிமேட்' என்பது தோராய மதிப்பு, மாறலாம். 'கொட்டேஷன்' என்பது இன்ன விலைக்குத் தருகிறேன் என்ற முன்மொழிவு. அதில் 'வேலிட் டில்' என்று காலக்கெடு எழுதாவிட்டால், பஞ்சு விலை ஏறிய பிறகும் பழைய விலையைக் கேட்பார்கள். 'ப்ரோஃபார்மா இன்வாய்ஸ்' என்பது சரக்கு அனுப்புமுன் தரும் மாதிரி விலைப்பட்டியல். 'கமர்ஷியல் இன்வாய்ஸ்' என்பதே அனுப்பிய சரக்கிற்கான உண்மையான பட்டியல்.

'கிரெடிட்' என்ற சொல் பலமுகம் கொண்டது. 'வீ வில் கிரெடிட் யுவர் அக்கவுண்ட்' என்றால் உங்கள் கணக்கில் பணம் வரவு வைக்கப்படும். 'வீ வாண்ட் 60 டேஸ் கிரெடிட்' என்றால் அறுபது நாள் கடன் கேட்கிறார். 'கிரெடிட் நோட் அனுப்புங்கள்' என்றால் விலைப்பட்டியலில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்யச் சொல்கிறார். 'லெட்டர் ஆஃப் கிரெடிட்' என்றாலோ, வாங்குபவரின் வங்கி பணம் தர உறுதியளிக்கும் கடிதம். அதிலும் 'அட் சைட்' என்றால் ஆவணம் சரியாக இருந்தால் உடனே பணம். 'யூசன்ஸ்' என்றால் குறித்த தவணைக்குப் பிறகு. இக்கடிதத்தின் கீழ் வங்கிகள் பார்ப்பது ஆவணங்களையே, சரக்கை அன்று. 2007 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள 'யு.சி.பி. 600' என்னும் பன்னாட்டு விதிகளின்படி, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி வேலை நாட்கள் உண்டு. கடிதத்தில் கண்ட நிபந்தனைக்கும் ஆவணத்திற்கும் உள்ள முரண்பாட்டை 'டிஸ்கிரிபன்ஸி' என்பர். இச்சொல் வங்கியிலிருந்து வந்தால் அன்றே கிளைக்கு வந்துவிடுங்கள்.

விமானத்தில் சரக்கு அனுப்புவோர் மேலும் மூன்றை அறிதல் வேண்டும்.

முதலாவது, 'ஏர் வேபில்'. இது விமானச் சரக்கு ரசீது. கப்பல் சரக்கிற்குரிய 'பில் ஆஃப் லேடிங்' சரக்கின் உரிமையையே குறிக்கும் ஆவணமாக விளங்குகிறது. மூல ஆவணம் இன்றி அதைப் பொதுவாகப் பெற முடியாது. 'ஏர் வேபில்' அத்தகைய உரிமை ஆவணம் அன்று. அதில் 'கன்சைனி' என்ற இடத்தில் எவர் பெயர் உள்ளதோ அவரிடம் சரக்கு ஒப்படைக்கப்படும். வாங்குபவர் பெயரை அங்கே எழுதிவிட்டு, 'ஆவணம் வங்கியில்தானே இருக்கிறது' என்று நிம்மதியாக இருந்தால், பணம் வருமுன் சரக்கு அவர் கைக்குப் போய்விடும். புதிய வாடிக்கையாளரானால் முன்பணமோ 'லெட்டர் ஆஃப் கிரெடிட்'டோ கேளுங்கள். அல்லது அந்நாட்டு வங்கியின் முன் ஒப்புதலைப் பெற்று அதன் பெயருக்கு அனுப்புங்கள்.

இரண்டாவது, 'சார்ஜபிள் வெயிட்'. கட்டணம் எடைக்கு மட்டும் அன்று, இடத்திற்கும் உண்டு. நீளம், அகலம், உயரம் ஆகியவற்றைச் சென்டிமீட்டரில் பெருக்கி, விமானச் சரக்கில் வழக்கமாக 6,000ஆல் வகுப்பர். கிடைப்பது 'வால்யூமெட்ரிக் வெயிட்'. 60 × 50 × 40 அளவுள்ள பெட்டிக்கு இது 20 கிலோ. பெட்டியின் உண்மை எடை 12 கிலோவே ஆயினும் 20 கிலோவுக்கே கட்டணம். கூரியர் நிறுவனங்கள் 5,000ஆல் வகுப்பதும் உண்டு. அப்போது அதே பெட்டி 24 கிலோ ஆகும். விலை சொல்லுமுன் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, 'எஃப்.ஓ.பி.', 'சி.ஐ.எஃப்.' என்னும் சொற்கள். பழக்கத்தால் இவற்றை விமானச் சரக்கிற்கும் எழுதுகிறோம். பன்னாட்டு வணிகச் சங்கம் வெளியிட்ட 'இன்கோடெர்ம்ஸ் 2020' விதிகளில் இவை கடல்வழி, உள்நாட்டு நீர்வழிப் போக்குவரத்துக்கு மட்டுமே உரியவை. விமானத்திற்கு 'எஃப்.சி.ஏ.', 'சி.ஐ.பி.' போன்றவை பொருந்தும். சரக்கு எந்த இடத்தில் எவர் பொறுப்புக்கு மாறுகிறது என்பதை இச்சொற்களே தீர்மானிக்கின்றன.

6. இந்திய ஆங்கிலமும் வெளிநாட்டார் செவியும்

நாம் அலுவலகங்களில் நாள்தோறும் எழுதும் சில சொற்கள் வெளிநாட்டாருக்கு வேறு பொருள் தரும். 'ப்ரீபோன்' என்பதற்கு 'பிரிங் ஃபார்வர்ட்' என்றும், 'ரிவர்ட்' என்பதற்கு 'ரிப்ளை' என்றும் எழுதுங்கள். 'ரிவர்ட்' என்றால் பழைய நிலைக்குத் திரும்புதல் என்றே அவர் கொள்வார். 'டு தி நீட்ஃபுல்' என்று முடிக்காமல், அவர் செய்ய வேண்டியதை வெளிப்படையாக எழுதுவதே மேல்.

இவற்றுள் மிகவும் கவனிக்க வேண்டியது 'டவுட்'. நமக்கு அது ஐயம், விளக்கம் கேட்கும் கேள்வி. அவருக்கோ அது அவநம்பிக்கை. 'ஐ ஹேவ் எ டவுட் அபௌட் யுவர் பேமெண்ட்' என்று எழுதினால், தம் நாணயத்தையே ஐயுறுவதாக வாங்குபவர் வருந்தக்கூடும். 'ஐ ஹேவ் எ கொஸ்டின்' என்று எழுதினால் உறவும் கெடாது, விடையும் கிடைக்கும்.

7. பணம் மாற்றும்போது

நாணய மாற்றுப் பலகையில் 'பையிங்', 'செல்லிங்' என்று இரு விலைகள் இருக்கும். வாங்குவதும் விற்பதும் யார்? பலகை வைத்திருப்பவர். டாலர் ஒன்றுக்கு 'பையிங்' 82 ரூபாய், 'செல்லிங்' 86 ரூபாய் என்று கொள்வோம். நீங்கள் டாலர் வாங்கச் சென்றால் அவர் விற்கிறார், ஆகவே 86. ஊர் திரும்பி மீதி டாலரைக் கொடுத்தால் அவர் வாங்குகிறார், ஆகவே 82. தேவைக்கு மிகுதியாக ரொக்கம் மாற்றினால் இருமுறை இழப்பு.

வெளிநாட்டுக் கடையில் அட்டையைத் தேய்க்கும்போது, ரூபாயில் செலுத்துகிறீர்களா, உள்ளூர் நாணயத்திலா என்று இயந்திரம் கேட்கலாம். ரூபாய் நமக்குத் தெரிந்தது என்பதால் கை அங்கே செல்லும். அவ்வாறு மாற்றும் விலையை அந்தப் பக்கத்தவரே நிர்ணயிப்பதால் அது பெரும்பாலும் கூடுதலாக இருக்கும். 'லோக்கல் கரன்சி, ப்ளீஸ்' என்று சொல்லுங்கள். புதிய அட்டைகளில் பன்னாட்டுப் பயன்பாடு தானாக இயங்காது. ரிசர்வ் வங்கியின் விதிப்படி வாடிக்கையாளரே அதை இயக்க வேண்டும். புறப்படுமுன் இதைச் செய்துவிடுங்கள்; திரும்பியதும் நிறுத்திவிடுங்கள்.

விமானம் ரத்தானதும் 'ரிஃபண்ட்' என்ற சொல்லைக் கொண்டே மோசடி செய்வோர் உண்டு. உதவி எண்ணை இணையத்தில் தேடாமல், பயணச்சீட்டிலோ நிறுவனத்தின் அதிகாரப்பூர்வச் செயலியிலோ பாருங்கள். பணம் பெறுவதற்கு யு.பி.ஐ. ரகசிய எண்ணோ ஓ.டி.பி.யோ தேவையில்லை. எவரேனும் கேட்டால் அவர் தர வரவில்லை, எடுக்க வந்திருக்கிறார்.

பயிற்சி

1. சீட்டில் 'மார்ச் 12, 00:20' என்று உள்ளது. எந்த நாள் இரவு நிலையத்தில் இருக்க வேண்டும்?
2. 80 × 50 × 45 சென்டிமீட்டர் பெட்டி. உண்மை எடை 22 கிலோ. 6,000ஆல் வகுத்தால் கட்டணம் எத்தனை கிலோவுக்கு?
3. 2.5 மில்லியன் ரூபாய் என்பது எவ்வளவு?
4. மீதமான திர்ஹத்தை ரூபாயாக மாற்ற எந்த விலையைப் பார்க்க வேண்டும்?
5. 'ப்ளீஸ் ப்ரீபோன் தி மீட்டிங் அண்ட் ரிவர்ட்' என்பதை மாற்றி எழுதுக.

விடைகள்: 1. மார்ச் 11. 2. 30 கிலோ. 3. 25 லட்சம் ரூபாய். 4. 'பையிங்'. 5. 'ப்ளீஸ் பிரிங் தி மீட்டிங் ஃபார்வர்ட் அண்ட் லெட் அஸ் நோ'.

இத்தனைச் சொற்களும் ஒரே நாளில் நினைவில் நிற்க வேண்டும் என்பதில்லை. இரண்டு வாக்கியங்களை மட்டும் தயங்காமல் சொல்லப் பழகுங்கள். ஒன்று, 'குட் யூ ப்ளீஸ் எக்ஸ்ப்ளெய்ன் வாட் தட் மீன்ஸ்?': அதன் பொருளை விளக்குவீர்களா என்பது. மற்றொன்று, 'ப்ளீஸ் கன்ஃபர்ம் தட் இன் ரைட்டிங்': அதை எழுத்தில் உறுதிப்படுத்துங்கள் என்பது. பொருள் கேட்பவரை எந்த வணிகரும் குறைவாக எண்ணுவதில்லை. கேளாமல் கையெழுத்திட்டவருக்கே பின்னர் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கிறது.